வெட்டு கெட்டால் முதலில் விளிம்பைப் பாருங்கள்: சிஎன்சி பிளாஸ்மாவும் திருகோணமலைக் காற்றும்

கணினி நகர்த்தும் பிளாஸ்மா டோர்ச்சால் தகடு வெட்டும் சிஎன்சி பிளாஸ்மா மேசையில் வெட்டு கெடத் தொடங்கியதும் பலருடைய கை நேரே அம்பியர் குமிழுக்குத்தான் போகிறது. அது சரிவராவிட்டால் வேகம், அதுவும் சரிவராவிட்டால் இரண்டும். அரை மணித்தியாலத்தில் ஐந்தாறு அமைப்புகள் மாறியிருக்கும். எது எதைக் கெடுத்தது, எது எதைத் திருத்தியது என்று யாருக்கும் தெரியாது. வெட்டிய துண்டைக் கையில் எடுத்துப் பார்த்தால் பிழை எங்கே என்று அதுவே காட்டிவிடும். குமிழைத் தொடுவதற்கு முன் விளிம்பைப் பார்க்கப் பழகிக்கொள்ள வேண்டும்.

திருகோணமலையில் இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். மூன்று பக்கமும் கடல் உள்ள ஊர் இது. மாரி தொடங்கி வாடை வீசத் தொடங்கியதும், கோடையில் ஒழுங்காக வெட்டிய மேசை அதே அமைப்பிலேயே துப்பத் தொடங்கும். “மெஷின் பழுது” என்று கொழும்புக்குத் தொலைபேசி எடுப்பதற்கு முன் இரண்டு இடங்களைப் பார்க்க வேண்டும்: எயார் லைனில் தண்ணீர், ஏர்த் கிளாம்பில் (தகட்டை மெஷினோடு இணைக்கும் பிடி) துரு. இங்கே என் முதல் சந்தேகம் எப்போதும் அந்த இரண்டின் மேல்தான்.

கீழே சொல்வது 40 முதல் 65 அம்பியர் வரையான, அமுக்கிய காற்றால் வெட்டும் எயார் பிளாஸ்மாவுக்கு. நம் பக்கத்துப் பட்டறைகளில் பெரும்பாலும் இருப்பது அதுதான். வீட்டுக் கேற், கிறில், கோவில் வாசலுக்கு வேலும் ஓமும், நிலாவெளி ஹொட்டேல்களுக்குப் பெயர்ப்பலகை, கந்தளாய்ப் பக்கத்து அரிசி ஆலைகளுக்குத் தகட்டு உதிரிப்பாகம், கொட்பே படகுகளுக்குப் பிராக்கெட் என்று 1.5 மி.மீ. முதல் 12 மி.மீ. வரை தகடு வெட்டுகிறவர்களை நினைத்து எழுதுகிறேன்.

சோதனைத் துண்டு

6 மி.மீ. இரும்புத் தகட்டில் 100 மி.மீ. சதுரம் ஒன்று, நடுவே 20 மி.மீ. துளை. முதலில் துளை, பிறகு வெளிக்கோடு. அம்பியர், வேகம், உயரம், துளையிடும் நேரம் எல்லாம் மெஷினோடு வந்த புத்தகத்தின் அட்டவணையில் உள்ளபடியே இருக்கட்டும். வெட்டி முடிந்ததும் துண்டைத் தூக்குவதற்கு முன் சோக்கால் இரண்டு அடையாளம் போடுங்கள்: மேசையின் தலைப்பக்கம் எது, டோர்ச் எந்தத் திசையில் சுற்றியது. இந்த அடையாளம் இல்லாவிட்டால் பிறகு எந்தப் பக்கம் சாய்ந்தது என்று சண்டைதான் பிடிக்கலாம்.

துண்டு ஆறியதும் சிறிய மூலைமட்டத்தை நான்கு பக்கத்திலும் வைத்து, வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள்.

நான்கு பக்கமும் ஒரே அளவாகச் சாய்ந்து, மேல்முகம் கீழ்முகத்தைவிடச் சிறிதாக இருந்தால் டோர்ச் உயரத்தில் ஓடியிருக்கிறது. மேல் விளிம்பு கூர் இழந்து உருண்டிருக்கும், தகட்டின் மேலே பொறி ஒட்டியிருக்கும். மாறாக மேல்முகம் பெரிதாகவும் கீழே உள்வாங்கியும் இருந்தால் டோர்ச் தாழ்ந்து ஓடியிருக்கிறது. இந்த இரண்டுக்கும் மருந்து உயரம் மட்டும்தான். அம்பியரைத் தொடவே வேண்டாம்.

ஒரு பக்கம் மட்டும் சாய்ந்து எதிர்ப்பக்கம் வேறு மாதிரி இருந்தால், டோர்ச் தகட்டுக்குச் செங்குத்தாக நிற்கவில்லை, அல்லது நொசிலின் (மின்வில்லான ஆர்க் வெளிவரும் வாய்) துளை வட்டம் கெட்டுவிட்டது. எது என்று பிரித்தறிய ஒரு வழி உண்டு. டோர்ச்சைப் பிடியில் தளர்த்தி 90 பாகை திருப்பி இறுக்கி, அதே சதுரத்தை மறுபடி வெட்டுங்கள். சாய்வும் சேர்ந்து அடுத்த பக்கத்துக்குப் போனால் பிழை டோர்ச்சுக்குள்ளே: நொசில், எலெக்ட்ரோட் (ஆர்க் தொடங்கும் முனை), சுழல் வளையம் (எயாரைச் சுழற்றி விடும் வளையம்). சாய்வு பழைய பக்கத்திலேயே நின்றால் பிழை மேசையில்: டோர்ச் பிடி, இசட் அச்சு (மேல்-கீழ் நகர்வு), அல்லது தகடு கிடக்கும் பட்டிகள். டோர்ச் நிமிர்ந்து நிற்கிறதா என்று ஒரு பக்கம் மட்டும் மூலைமட்டம் வைத்துப் பார்த்தால் போதாது. முன்னும் பார்க்க வேண்டும், பக்கவாட்டிலும் பார்க்க வேண்டும்.

சாய்வு முழுதாகப் பூச்சியமாகும் என்று எதிர்பார்க்க வேண்டாம். சுழல் வளையத்தில் எயார் சுழன்று வருவதால் வெட்டின் ஒரு பக்கம் நல்ல பக்கம், மற்றது கழிவுப் பக்கம். சாதாரண டோர்ச்சில் போகும் திசைக்கு வலப்பக்கம்தான் நல்லது. அங்கே 1 முதல் 3 பாகை வரை சாய்வு இருக்கும். இடப்பக்கத்தில் அதைவிடக் கூடுதலாக இருக்கும். அதனால்தான் வெளிக்கோட்டை மணிக்கூட்டு முள் சுற்றும் திசையிலும், உள்ளே உள்ள துளைகளை அதற்கு எதிர்த்திசையிலும் வெட்ட வேண்டும். அப்போது வேண்டிய உலோகம் எப்போதும் வலப்பக்கத்தில் இருக்கும். ஒரு கேற் டிசைனில் எல்லாப் பூவும் சாய்ந்து வந்தால் முதலில் வெட்டுப் பாதை போடும் ஷீட்கேம் மென்பொருளில் திசை மாறியிருக்கிறதா என்று பாருங்கள். செலவில்லாமல் தீரும் பிழை அது.

கசடு

துண்டைக் கவிழ்த்து அடிப்பக்கத்தைப் பாருங்கள். கசடு இரண்டு வகை. இரண்டையும் ஒன்றென்று நினைப்பதால்தான் வேகத்தை மாற்றுகிறவர்கள் பாதிப் பேர் பிழையான பக்கம் மாற்றுகிறார்கள்.

குமிழ் குமிழாகத் தடித்து, உளியால் ஒரு தட்டுத் தட்டினால் நீளத்துக்குக் கழன்று விழுவது மெதுவான வேகத்தில் வரும் கசடு. டோர்ச் மெல்ல நகரும்போது வெட்டின் வாய் அகலமாகிறது. உருகிய இரும்பை ஊதித் தள்ளும் விசை அங்கே சிதறிப்போகிறது. இரும்பு கீழ்விளிம்பிலேயே உறைகிறது. இதற்கு வேகத்தைக் கூட்ட வேண்டும்.

மெல்லிய நூல்போல விளிம்போடு ஒட்டி, உளிக்கு அசையாமல் கிரைண்டர் கேட்பது அதிவேகக் கசடு. அங்கே ஆர்க் பின்தங்கி, கீழ்ப்பகுதியை முழுதாக ஊதாமலே கடந்துபோகிறது. வேகத்தைக் குறைக்க வேண்டும், அல்லது உயரத்தைப் பார்க்க வேண்டும். டோர்ச் உயரமாக ஓடினாலும் இதே நூல் வரும்.

வெட்டு முகத்தில் தெரியும் கோடுகளும் இதைத்தான் சொல்கின்றன. கோடுகள் நேர்ச்செங்குத்தாக நின்று அடியில் தடித்த கசடு இருந்தால் மெது. கோடுகள் போகும் திசைக்குப் பின்னால் நன்றாக வளைந்து கிடந்தால் வேகம். இரும்பில் எயார் வெட்டுக்கு அவை சற்றே பின்சாய்ந்திருப்பதுதான் நல்லது. மேசையில் தண்ணீர் இல்லாவிட்டால், வெட்டும்போதே குனிந்து வெல்டிங் கண்ணாடி வழியாகத் தகட்டுக்குக் கீழே பாருங்கள்: பொறி நேர்கீழே கொட்டாமல் கொஞ்சம் பின்னோக்கி விழ வேண்டும்.

சரியான வேகத்தைப் பிடிக்க ஐந்து கோடு போதும். ஒவ்வொன்றும் 150 மி.மீ. நீளம். புத்தகத்தில் உள்ள வேகத்தில் ஒன்று, அதைவிட 10 வீதமும் 20 வீதமும் குறைத்து இரண்டு, 10 வீதமும் 20 வீதமும் கூட்டி இரண்டு. தகட்டைக் கவிழ்த்தால் ஒரு முனையில் குமிழ், மறுமுனையில் நூல், இடையில் சுத்தமான ஒன்றோ இரண்டோ. அந்தச் சுத்தமான பகுதியின் நடுவை எடுத்துக்கொள்ளுங்கள். அந்தத் தகட்டை வீசாமல் தடிப்பையும் அம்பியரையும் எழுதிச் சுவரில் கொழுவி வையுங்கள். அடுத்த முறை வெட்டு கெடும்போது ஒப்பிட்டுப் பார்க்க அதைவிட நல்ல சாட்சி கிடைக்காது.

இங்கே பூ வேலை செய்பவர்கள் அடிக்கடி மாட்டிக்கொள்ளும் ஒரு சிக்கலைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். நேர்கோட்டில் கசடே இல்லை; வளைவிலும் சுருளிலும் மட்டும் குமிழ் குமிழாகக் கிடக்கிறது. அமைப்பில் நிமிடத்துக்கு 3000 மி.மீ. என்று இருக்கலாம், ஆனால் 10 மி.மீ. ஆரமுள்ள சுருளில் பல மேசைகள் அந்த வேகத்தை எட்டுவதே இல்லை. எனவே நேர்கோடு ஒரு வேகத்திலும் சுருள் வேறொரு வேகத்திலும் வெட்டப்படுகின்றன. திரையில் காட்டும் உண்மையான வேகத்தைப் பார்த்தால் இது உடனே தெரியும்.

இதற்கு முதல் காரணம் கோப்பு. படத்திலிருந்து டிரேஸ் பண்ணிய டிசைனில் ஒரு வளைவு ஆயிரம் குட்டிக் கோடுகளாக உடைந்திருக்கும். ஒவ்வொரு முனையிலும் மேசை தயங்கும். காதை வைத்துக் கேட்டால் ஒரு நடுக்கச் சத்தம் வரும். வெட்டு முகத்தில் பல்போலத் தெரியும். வரைபடத்திலேயே முனைகளைக் குறைத்து, 0.1 மி.மீ. விலகலுக்குள் உண்மையான வில்லாக மாற்றுங்கள். மேசையை ஓட்டும் மென்பொருள் மாக்3 என்றால் நிற்காமல் ஓடும் ‘கொன்ஸ்டன்ட் வெலோசிட்டி’ முறையில் ஓட வேண்டும், ஒவ்வொரு முனையிலும் நிற்கும் ‘எக்ஸாக்ட் ஸ்டொப்’ முறையில் அல்ல. லினக்ஸ்சிஎன்சி என்றால் மில்லிமீற்றர் அலகில் ஓடும் கோப்பின் தலையில் ஜி64 பி0.1 என்ற கட்டளை (0.1 மி.மீ. வரை விலகலாம் என்று சொல்வது) இருக்க வேண்டும். இத்தனையும் செய்த பிறகும் சுருளில் வேகம் எட்டாவிட்டால், அந்தத் தகட்டுக்கு அம்பியர் கூடுதல் என்று அர்த்தம். 2 மி.மீ. தகட்டில் பூ வெட்ட 60 அம்பியர் தேவையே இல்லை. சிறிய நொசில் போட்டு, அம்பியரைக் குறைத்து, சுருள் எட்டக்கூடிய வேகத்துக்கு முழு வெட்டையும் கொண்டு வாருங்கள். நேரம் கொஞ்சம் கூடும். கிரைண்டர் வேலை பெருமளவு குறையும்.

உயரம், வோல்ட், எலெக்ட்ரோட்

இந்த அளவு மெஷின்களில் வெட்டும் உயரம் பெரும்பாலும் 1.5 மி.மீ. சுற்றுவட்டாரத்தில் இருக்கும். துளையிடும் உயரம் அதைப்போல ஒன்றரை முதல் இரண்டரை மடங்கு. துளையிடும் உயரம் குறைவாக இருந்தால் உருகிய இரும்பு மேலே பாய்ந்து நொசில் வாயில் ஒட்டும். அடுத்த வெட்டே கோணலாகும். துளையிடும் நேரம் போதாவிட்டால் தகடு முழுதாகத் துளைபடும் முன்பே டோர்ச் நகரத் தொடங்கி, தொடக்கத்தில் பள்ளம் மட்டும் விழும். நேரம் கூடினால் துளை அகன்று ஆர்க்குக்கு எட்ட உலோகம் இல்லாமல் அணைந்துவிடும்.

திரையில் 1.5 என்று இருப்பதை நம்ப வேண்டாம், அளந்து பாருங்கள். டோர்ச் தகட்டைத் தொட்டு உயரம் தேடி, வெட்டும் உயரத்தில் நிற்கும்போது நிறுத்தி, பிளாஸ்மாவின் மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு, 1.5 மி.மீ. துரப்பண அலகின் வழுவழுப்பான தண்டை நொசிலுக்கும் தகட்டுக்கும் இடையே விடுங்கள். உரசிக்கொண்டு போக வேண்டும். தளர்வாகப் போனால் அளவைத் திருத்துங்கள். மெல்லிய தகட்டில் இது இன்னும் முக்கியம். டோர்ச்சைத் தாங்கும் மிதக்கும் தலை தகட்டைத் தொட்டு சுவிட்சை இயக்குவதற்குள் 1.2 மி.மீ. தகடு கீழே அமுங்கிவிடும், தலை மேலே எழும்போது தகடும் நிமிரும், உயரம் குறைந்துபோகும். பட்டிகளுக்கு நடுவே தேடாமல் பட்டிக்கு அருகே தேட வைத்தால் இது தணியும்.

டி.எச்.சி. என்ற உயரக் கட்டுப்பாடு உயரத்தை நேரடியாக அளப்பதில்லை. ஆர்க்கின் வோல்ட்டைத்தான் பார்க்கிறது. ஏறத்தாழ 5 வோல்ட் மாறினால் அரை மி.மீ. உயரம் மாறும் என்று வைத்துக்கொள்ளலாம். புத்தக வோல்ட் ஒரு தொடக்கம்தான். உங்கள் மேசைக்குரிய எண்ணைப் பிடிக்க, சமதளமான தகட்டில் டி.எச்.சி.யை நிறுத்திவிட்டு, அளந்த 1.5 மி.மீ. உயரத்தில் நீண்ட கோடு ஒன்று வெட்டுங்கள். கோட்டின் நடுப்பகுதியில் திரை காட்டும் வோல்ட்தான் உங்கள் எண்.

அந்த எண் என்றைக்கும் நிலையானது அல்ல. எலெக்ட்ரோடின் நுனியில் உள்ள ஹாஃப்னியம் என்ற உலோகம் ஒவ்வொரு தொடக்கத்திலும் கொஞ்சம் கரைந்து குழி விழும். குழி ஆழமாக ஆக ஆர்க் நீளும், அதே உயரத்தில் வோல்ட் கூடும், டி.எச்.சி. அதைப் பார்த்து டோர்ச் மேலே போய்விட்டது என்று நினைத்துக் கீழே இறக்கும். நாளாக ஆக வெட்டு உள்வாங்கும், கடைசியில் நொசில் தகட்டில் உரசும். இதற்கு எலெக்ட்ரோட் தேயத் தேய வோல்ட்டை ஓரிரண்டாகக் கூட்டிக்கொண்டு வர வேண்டும். புது எலெக்ட்ரோட் போட்டவுடன் பழைய எண்ணுக்குத் திரும்ப வேண்டும். இந்த இரண்டாவது வேலையை மறந்துவிட்டு, “புதுச் சாமான் போட்டும் மேல்விளிம்பு உருளுதே” என்று சாமானைக் குறை சொல்வது நிறைய நடக்கிறது.

மூலைகளில் டோர்ச் குத்துவதும் இதே காரணத்தின் இன்னொரு முகம். மூலைக்கு வரும்போது வேகம் குறையும், வாய் அகலும், ஆர்க் நீளும், வோல்ட் ஏறும், டோர்ச் இறங்கும். வேகம் அமைத்ததில் 80 அல்லது 90 வீதத்துக்குக் கீழே போனால் டி.எச்.சி. பூட்டிக்கொள்ளும்படி வைத்தால் நிற்கும். சிறிய துளைகளில் டி.எச்.சி.யை முழுதாகவே நிறுத்திவிடுங்கள்.

எலெக்ட்ரோடைக் கழற்றும்போது மின்சாரம் துண்டித்திருக்க வேண்டும். குழியின் ஆழத்தை அளந்து பாருங்கள்: ஹைபர்தேர்ம் பவர்மெக்ஸ் வகை மெஷினுக்கு 1.6 மி.மீ. தாண்டினால் மாற்ற வேண்டும். நொசிலை வெளிச்சத்துக்குப் பிடித்து துளையைப் பாருங்கள். அது வட்டமாக, விளிம்பு கூராக இருக்க வேண்டும். ஒரு பக்கம் சிறு கீறல் இருந்தால்கூட அந்தப் பக்கத்து வெட்டு சாயும். சுழல் வளையத்தின் நுண்துளைகளில் தூசி இருந்தால் ஊதித் தள்ளுங்கள். வெடிப்பு இருந்தால் மாற்றுங்கள். எலெக்ட்ரோடையும் நொசிலையும் சோடியாகவே மாற்றுவது நல்லது. அம்பியர் நொசிலுக்குப் பொருந்த வேண்டும் என்பதில் விட்டுக்கொடுக்கவே கூடாது: 45 அம்பியர் நொசிலில் 60 ஓட்டினால் துளை சில வெட்டுகளிலேயே முட்டை வடிவமாகிவிடும். கடையில் மலிவாக வாங்கும் உதிரி நொசில்களில் துளை நடுவில் இல்லாதவையும் உண்டு. பொருத்தும் முன் ஒவ்வொன்றையும் பாருங்கள்.

வெட்டு முடிந்த பின் எயார் சில வினாடி தொடர்ந்து வீசுவது டோர்ச்சைக் குளிரச் செய்வதற்காக. அது முடியும் முன் மெயின் சுவிட்சை அணைப்பது நுனிச்சாமானைச் சுட்டுத் தின்னும் பழக்கம்.

எயார்: இங்கே மிச்சமெல்லாம் இதற்குப் பிறகுதான்

இந்த அளவு மெஷின்களுக்கு ஓடும்போது ஏறத்தாழ 6 பார் அழுத்தத்தில் நிமிடத்துக்கு 190 லீற்றர் அளவு எயார் வேண்டும். கேஜில் 7 பார் காட்டுகிறது என்று நிம்மதியடைய வேண்டாம். வெட்டாமல் நிற்கும்போது எந்த லைனும் 7 காட்டும். எயாரை மட்டும் ஓடவிட்டுப் பாருங்கள். 7 இருந்தது 4.5 ஆக விழுந்தால் ஹோஸ் ஒல்லி, அல்லது பில்டர் அடைத்துவிட்டது, அல்லது கொம்பிரசர் போதாது. உள்விட்டம் 9.5 மி.மீ.க்குக் குறைந்த ஹோஸ் போடாதீர்கள். 6 மி.மீ. குயிக் கப்ளர் ஒன்று நடுவில் இருந்தாலும் முழு லைனும் அதன் அளவுக்குத்தான் வேலை செய்யும். கொம்பிரசரின் பெட்டியில் எழுதியிருப்பது பிஸ்டன் இழுக்கும் அளவு. உண்மையில் வெளியே தருவது அதைவிடக் குறைவு. 3 குதிரைவலுக் கொம்பிரசர் இந்த வேலைக்கு இடைவிடாமல் ஓடும்; இடைவிடாமல் ஓடினால் சூடாகும்; சூடான எயார் தண்ணீரைக் கூடக் கொண்டு போகும்.

தண்ணீரின் அளவைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 30 பாகை வெப்பத்தில் எயார் முழுதாக நிரம்பினால் ஒரு கனமீற்றரில் 30 கிராம் நீராவி இருக்கும். ஈரப்பதன் 80 வீதமென்றால் 24 கிராம். அதைக் கேஜில் 7 பாருக்கு அமுக்கினால் (வளிமண்டலத்தின் 1 பாரும் சேர்ந்து 8) கனவளவு எட்டில் ஒன்றாகிறது; திரும்ப 30 பாகைக்கு ஆறியதும் அதில் நிற்கக்கூடியது 4 கிராமுக்கும் குறைவு. மிச்சம் 20 கிராம் தண்ணீராகிறது. நிமிடத்துக்கு 190 லீற்றர் என்றால் மணித்தியாலத்துக்கு 11.4 கனமீற்றர், அதாவது ஒரு மணித்தியால வெட்டுக்கு 230 கிராம் தண்ணீர். ஒரு பெரிய கோப்பை நிறைய.

இதில் முக்கியமான சங்கதி தண்ணீர் எங்கே விழுகிறது என்பது. டாங்க்கில் எயார் 45 பாகையில் சூடாக இருந்தால் நீரில் பெரும்பகுதி டாங்க்கிலேயே விழும். ஆனால் மணித்தியாலத்துக்கு 50 கிராம் அளவு ஆவியாகவே வெளியேறும். டாங்க்குக்குப் பக்கத்தில் மாட்டிய கண்ணாடிக்கிண்ண பில்டர் துளித்துளியான தண்ணீரைப் பிடிக்கும், ஆவியைப் பிடிக்காது. அந்த ஆவி ஹோஸில் போய் ஆறி, பில்டரைத் தாண்டிய பிறகு தண்ணீராகும். அதனால்தான் “பில்டர் காய்ந்துதானே இருக்கு” என்று சொல்லும்போதே டோர்ச் துப்புகிறது. பில்டரை டாங்க்கிலிருந்து தூரத்தில், எயார் ஆறிய பிறகு, பிளாஸ்மா மெஷினுக்கு அருகே மாட்டுங்கள்.

டாங்க்கிலிருந்து இரும்பு அல்லது செம்புக் குழாயைச் சுவரோரம் சில மீற்றர் கொண்டு போங்கள், ஒவ்வொரு மீற்றருக்கும் ஒரு சென்ரிமீற்றர் சரிவு. கடைசியில் குழாயைக் கீழே தொங்கவிட்டு அடியில் ஒரு கொக். மெஷினுக்கு எடுக்கும் கிளையைக் குழாயின் மேற்பக்கத்திலிருந்து எடுத்தால் தண்ணீர் கீழேயே நிற்கும். தண்ணீர் வேலைக்கு வாங்கும் பிவிசி குழாயை எயாருக்குப் போடவே கூடாது: அது விரியாது, வெடித்துச் சில்லாகப் பறக்கும். டாங்க்கின் அடிக் கொக்கை வேலை முடிந்ததும் திறக்க வேண்டும், மாரியில் மதியமும் ஒரு தடவை.

இதற்கு மேல் ஒரு டிரையர். குளிரூட்டும் வகை எயாரை 3 பாகை அளவுக்குக் குளிரவைத்து தண்ணீரைப் பிரித்துவிடும். நம் ஊருக்கு அதுதான் நிரந்தரத் தீர்வு, விலை கூடினாலும். அது முடியாவிட்டால் சிலிக்கா ஜெல் நிரப்பிய தூண். நீலம் இளஞ்சிவப்பானதும் அது நிறைந்துவிட்டது. 120 பாகை அவனில் நிறம் திரும்பும் வரை காயவைத்து மறுபடி போடலாம். முன்னால் நீர் பிரிக்கும் பில்டர் இல்லாமல் ஜெல்லை மட்டும் போட்டால் ஒரே நாளில் சிவந்துவிடும்.

ஈரம் இருக்கிறதா என்று பார்க்க, எயாரை மட்டும் ஓடவிட்டு வெள்ளைக் காகிதத்தை நொசிலுக்குக் கீழே பத்து வினாடி பிடியுங்கள். நனைந்த புள்ளி என்றால் தண்ணீர். மஞ்சளாக ஒளி ஊடுருவும் புள்ளி என்றால் கொம்பிரசர் எண்ணெய் தள்ளுகிறது. வெட்டும்போது சீரான இரைச்சல் போய் இடைக்கிடை துப்பல் கேட்டாலும், புது எலெக்ட்ரோட் சில தொடக்கங்களிலேயே குழி விழுந்தாலும், நொசில் உள்ளே கறுத்திருந்தாலும் அதே சந்தேகம்தான்.

ஏர்த், மின்சாரம்

கிளாம்பைப் பட்டியில் மாட்டாமல் வெட்டும் தகட்டிலேயே மாட்டுங்கள். பட்டிகள் உப்புக்காற்றில் துருவேறி, மேலே கசடும் படிந்திருக்கும். தகட்டின் அடியிலும் ஆலைத் தோல் (தகடு செய்யும்போதே படியும் ஆக்சைடுப் படலம்) இருக்கும். கிளாம்ப் பிடிக்கும் இடத்தை கிரைண்டரால் பளபளப்பாக்குங்கள், கிளாம்பின் பல்லையும் சேர்த்து. கேபிளின் முனையில் உள்ள உலோக இணைப்பான லக் கறுத்திருந்தால் வெட்டி மறுபடி அழுத்துங்கள். ஏர்த் கெட்டால் ஆர்க் தகட்டுக்கு மாற மறுக்கும், நடுவில் அணையும். மின்தொடுகையால் உயரம் தேடும் மேசைகளில் துருவும் பெயின்டும் தகட்டைக் காணாமல் செய்துவிடும். டோர்ச் தகட்டில் குத்தி வளையும்.

45 அம்பியர் வெட்டுக்கு 230 வோல்ட் ஒற்றைக்கட்ட மெஷின் ஏறத்தாழ 33 அம்பியர் இழுக்கும். 2.5 சதுர மி.மீ. கம்பியில் 30 மீற்றர் நீட்டினால் கம்பியிலேயே 15 வோல்ட் போய்விடும். 6 சதுர மி.மீ. போடுங்கள், நீளத்தைக் குறையுங்கள்.

துளைகள்

போல்ட் துளை முட்டையாக வருகிறது என்றால் முதலில் துளையின் விட்டத்தைத் தகட்டின் தடிப்போடு ஒப்பிடுங்கள். 10 மி.மீ. தகட்டில் 10 மி.மீ. துளையை எயார் பிளாஸ்மாவில் அழகாக வெட்ட முடியாது. தடிப்பைப்போல இரண்டு மடங்கு விட்டம் இருந்தால்தான் நம்பி வெட்டலாம். அதற்குக் குறைந்தால் நடுப்புள்ளியை மட்டும் அடையாளமிட்டு துரப்பணத்தால் துளைப்பது நல்லது.

துளைக்கு வேகத்தை 60 வீதமாகக் குறையுங்கள். நடுவில் துளையிட்டு, வில்போல வளைந்து விளிம்பைத் தொடுங்கள். முடிவில் வெளியே இழுக்கும் லீட்-அவுட் வேண்டாம். அதுதான் துளையின் ஓரத்தில் அந்தச் சின்னக் கடிவாயைப் போடுகிறது.

இத்தனையும் சரியாக இருந்தும் துளையின் மேல், கீழ், இடம், வலம் ஆகிய நான்கு இடங்களில் மட்டும் தட்டையாக வந்தால் பிழை மேசையில்தான். அந்த நான்கு இடங்களில்தான் ஓர் அச்சு நின்று திரும்புகிறது. டயல் கேஜை வைத்து ஒவ்வோர் அச்சையும் முன்னும் பின்னும் 0.1 மி.மீ. ஆக நகர்த்திப் பாருங்கள்: ஊசி உடனே அசையாவிட்டால் பெல்ட் தளர்வு, அல்லது பினியன் பற்சக்கரத்தின் பல்லுக்குள் தளர்ந்த இடைவெளி. கடற்கரைக்கு அருகே உள்ள பட்டறைகளில் ரெயில்கள் ஒரு வாரம் துடைக்காமல் விட்டாலே துருப்புள்ளி போடும். பிளாஸ்மா தூசி அதன்மேல் ஒட்டி அரத்தூள்போல அரைக்கும். நாள் முடிவில் உலர்ந்த துணியால் துடைத்து மெல்லிய எண்ணெய் பூசுங்கள். கிறீஸ் வேண்டாம், தூசியைப் பிடித்து வைத்திருக்கும்.

ஸ்டெயின்லெஸ், அலுமினியம், ஜி.ஐ.

ஸ்டெயின்லெஸ் ஸ்டீலை எயாரில் வெட்டினால் விளிம்பு கறுத்துச் சொரசொரப்பாகவே வரும். அது அமைப்பின் பிழை அல்ல. சுத்தமான விளிம்பு வேண்டுமென்றால், டோர்ச் அனுமதித்தால் நைதரசன். எயாரில் வெட்டிய விளிம்பில் நைதரசன் கரைந்திருப்பதால் நேரே வெல்டு பண்ணினால் குமிழ் விழும். முதலில் கிரைண்டர் போட்டுப் பளபளப்பாக்குங்கள். துத்தநாகம் பூசிய ஜி.ஐ. தகட்டில் துத்தநாகப் புகை வரும். காற்றோட்டமும் முகமூடியும் இல்லாமல் வெட்டக் கூடாது. அலுமினியத்தைத் தண்ணீர் மேசையில் வெட்டுகிறவர்கள் கவனம்: நுண்துகள் தண்ணீரோடு சேர்ந்து ஐதரசன் விடும், தகட்டுக்கு அடியில் தேங்கினால் வெடிக்கும். தண்ணீரைத் தகட்டிலிருந்து நன்றாகத் தாழ்த்தி, அடியில் எயார் ஓட விட்டு, அடியில் சேரும் சேற்றை அடிக்கடி அள்ளுங்கள்.

உதிரிச்சாமான் கொழும்பிலிருந்து வரும் வரை மேசை நிற்கக் கூடாது. என் பரிந்துரை: எலெக்ட்ரோடும் நொசிலும் பத்துச் சோடி, ஷீல்ட் (நொசிலின் முன்மூடி) மூன்று, சுழல் வளையம் இரண்டு, ரிட்டெய்னிங் கப் (இவற்றை இறுக்கிப் பிடிக்கும் மூடி) ஒன்று, டோர்ச்சின் ஓ-ரிங் இரண்டு, பில்டர் உள்ளுறை இரண்டு, சிலிக்கா ஜெல் இரண்டு கிலோ. ஜெல்லைக் காற்றுப்புகாத டப்பாவில் வையுங்கள். மூடி திறந்திருந்தால் இந்த ஊரில் அது அலுமாரியிலேயே சிவந்துவிடும்.